வாசல் மரமும் வண்டிப் பாதையும்

மரம் நடுவது அறம் என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்றுவிட்டோம். நட்ட மரம் வளர்ந்து, கிளை பரப்பி, வீட்டு வாசலை மறித்து நிற்கும் நாளில் அதனை என்ன செய்வது என்பதை மட்டும் நமக்கு யாரும் கற்பிக்கவில்லை. அதனால்தான், மும்பை மாநகரில் ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் மரங்களின் மீது நடக்கும் வேலையில் மருத்துவமும் கொலையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. தாவரவியல் பயிலும் மாணவன் என்ற முறையில், கவாத்து என்னும் கலையைப் பற்றி நான் கற்றவற்றையும், மாதுங்காவில் ஒரு மாமரத்தின் பொருட்டு நேரில் கண்டவற்றையும் நம் சங்க அன்பர்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

மாதுங்காவின் மரங்கள்

1896ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெருக்கடி மிகுந்த அந்நகரைச் சீர்செய்யும் நோக்கத்துடன் 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றியது. அந்த டிரஸ்ட் வகுத்த திட்டங்களில் ஒன்றே தாதர் - மாதுங்கா பகுதி. அகன்ற சாலைகள், 'ஐந்து தோட்டங்கள்' என்று இன்றும் வழங்கும் பூங்காக்கள், கட்டடத்திற்கும் மதிலுக்கும் இடையே திறந்த வெளி ஆகியவை அத்திட்டத்தின் சிறப்புகள். தென்னாட்டிலிருந்து வேலை தேடி வந்தோர் பலர் இங்கே குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும் இச்சூழலில்தான்.

அந்தத் திறந்த வெளிகளில் மாவும் நாவலும் நெட்டிலிங்கமும் நட்டார்கள். அவற்றின் ஓரமாகச் சென்ற நடைபாதை இன்று கார் செல்லும் பாதையாகிவிட்டது. மரமும் வளர்ந்தது, வண்டியும் பெருகியது, இடம் மட்டும் வளரவில்லை.

நான் தாராவியில் வளர்ந்தவன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் சந்துகளில் ஒரு மரத்திற்கு இடம் கிடைப்பது அரிது. தாராவியை அடுத்து, முன்பு குப்பைமேடாக இருந்த நிலத்தில் 1994இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவே, மரங்களைப் பெயர் சொல்லி அழைக்க எனக்குக் கற்றுத் தந்த முதற் பள்ளி. ஆகவே, வாசலில் மரம் உள்ளவர்கள் அதனைச் சுமையாகக் கருதுவது எனக்கு முதலில் வியப்பளித்தது. பிறகு அவர்கள் கட்சியிலும் நியாயம் இருப்பதைக் கண்டேன்.

ஒரு பாட்டியின் கேள்வி

மாதுங்காவில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தேன். கட்டடத்தின் நுழைவாயில் அருகே ஏறத்தாழ 12 மீட்டர் உயரமுள்ள ஒரு மாமரம். அதன் ஒரு பக்கத்தில் கட்டடச் சுவர். ஆகவே அது ஒளியை நாடி வண்டிப் பாதையின் பக்கமே கிளைகளை நீட்டியிருந்தது. தாழ்ந்த கிளை ஒன்று தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் பாதையை மறித்துத் தொங்கியது.

என் மாணவனின் பாட்டிக்குச் சிறுநீரக நோய். வாரம் இருமுறை டயாலிசிஸுக்குச் செல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாமல் சாலையிலேயே நின்றுவிடும். பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, இருவர் தூக்க, மழை நாளாயின் ஒருவர் குடை பிடிக்க, வாசல் வரை கொண்டு செல்வார்கள்.

கட்டடத்தார் கூட்டத்தில் இரு கட்சிகள் எழுந்தன. மரத்தையே அகற்ற வேண்டும் என்றது ஒன்று. ஓர் இலையையும் தொடக் கூடாது என்றது மற்றொன்று. மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர் மூன்றாவது வழி கூறினார்: தலையை வெட்டி மொட்டையாக்கிவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்குக் கவலை இல்லையாம்! இத்தனைக்கும் அம்மரத்தின் மாவடுவை ஆண்டு தவறாமல் ஊறுகாய் போட்டுக் கட்டடம் முழுவதும் பங்கிட்டவர் அந்தப் பாட்டிதான். ஒரு நாள் அவர் என்னைக் கேட்டார்: "ஏம்பா, மரமும் நிக்கணும், எனக்கு வண்டியும் வாசப்படி வரைக்கும் வரணும். இதுக்கு உங்க சயன்ஸ்ல வழி ஒண்ணும் இல்லையா?"

வழி உண்டு. அவ்வழியை ஒழுங்காக நோக்குவோம்.

பசுமை மாறா மரம் என்பது எது?

பசுமை மாறா மரம் என்றால் இலையே உதிராத மரம் என்று பலர் நினைக்கின்றனர். மாமரத்திலும் இலை உதிர்கிறது. ஆனால் எல்லா இலைகளும் ஒரே பருவத்தில் உதிர்வதில்லை. பழைய இலை விழுமுன் செம்பு நிறத்தில் புதிய தளிர் வந்துவிடுகிறது. மா, நாவல், நெட்டிலிங்கம் ஆகிய மூன்றும் இவ்வகையின.

இதிலிருந்து கவாத்துக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது: குளிர்நாட்டு இலையுதிர் மரங்களைப் போல முழுமையாக உறங்கும் காலம் இவற்றிற்கு இல்லை. ஆகவே தளிர், பூ, காய் ஆகியவற்றின் சுழற்சியைப் பார்த்தே வெட்டும் காலத்தைக் குறிக்க வேண்டும். இரண்டாவது: இம்மரங்களின் செல்வத்தில் பெரும் பங்கு இலைகளிலேயே இருக்கிறது. பச்சை இலையோடு ஒரு கிளையை வெட்டும்போது மரத்தின் சமையலறையையும் களஞ்சியத்தையும் ஒருசேரக் குறைக்கிறோம். ஒரே ஆண்டில் பசுந்தழையில் கால் பங்குக்கு மேல் நீக்கக் கூடாது என்ற விதி இதனால்தான் பிறந்தது. முதிய மரத்திற்கும் நோயுற்ற மரத்திற்கும் இதனினும் குறைவாகவே வெட்ட வேண்டும்.

இன்னொன்றையும் கூற வேண்டும். மேல்நாட்டு நூல்களில் 'பசுமை மாறா மரம்' என்று வருமிடங்களில் பெரும்பாலும் ஊசியிலை மரங்களையே குறிக்கின்றனர். அவற்றிற் பல, இலையற்ற பழைய கட்டையில் வெட்டினால் மீண்டும் தளிர்ப்பதில்லை. மாமரமோ வெட்டிய இடத்தில் தாராளமாகத் தளிர்க்கும். அந்நூல்களின் விதிகளை அப்படியே நம் வாசலுக்குக் கொண்டுவருதல் பொருந்தாது.

மரத்தின் காயம் ஆறுமா?

நம் கையில் வெட்டுப்பட்டால் பழைய தசை போய்ப் புதிய தசை வருகிறது; காயம் ஆறிவிடுகிறது. மரத்திற்கு அந்த ஆற்றல் இல்லை. வெட்டுப்பட்ட மரக்கட்டை வெட்டுப்பட்டதாகவே என்றும் உள்ளே இருக்கும். மரம் செய்வது வேறொன்று: காயத்தைச் சுற்றி மதில் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிடுகிறது, அதன் மேல் புதிய கட்டையை வளர்த்து மூடுகிறது.

இதனை உலகிற்கு விளக்கியவர் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க அறிஞர். அவர் அந்நாட்டு வனத்துறையில் பணியாற்றியவர். ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து, பழைய காயங்கள் உள்ளே என்னவாயின என்று பார்த்தார். 1977இல் அவர் வெளியிட்ட விளக்கத்தின்படி மரம் நான்கு வகை மதில்களை எழுப்புகிறது. மேலும் கீழும் அழுகல் ஓடாமல் தடுப்பது முதல் மதில். இதுவே மிக வலுக்குறைந்தது. உள்நோக்கிப் பரவுவதைத் தடுப்பது இரண்டாவது. பக்கவாட்டில் பரவுவதைத் தடுப்பது மூன்றாவது. காயம் பட்ட பின் புதிதாக வளரும் கட்டைக்கும் பழைய கட்டைக்கும் இடையே எழுவது நான்காவது; இதுவே மிக வலியது.

இந்த மதில்களை மரம் எழுப்ப வேண்டுமானால் நாம் ஒன்றை மட்டும் கெடுக்காமல் இருக்க வேண்டும். கிளை, தண்டோடு சேருமிடத்தில் வளையம் போலச் சற்றுப் புடைத்திருப்பதைக் காணலாம். அதனைக் கிளைக்கழுத்து எனலாம். கிளை அழிந்தால் தண்டைக் காக்கும் காவற்படை இங்கேதான் இருக்கிறது. இதனைத் தாண்டித் தண்டோடு தண்டாக மழுங்க வெட்டினால் காவற்படையே போய்விடும். முழ நீளக் கட்டையை விட்டு வெட்டினாலும் தீமையே. அந்த முளை காய்ந்து, அழுகி, அழுகலை உள்ளே அழைத்துச் செல்லும். கழுத்தை ஒட்டி, கழுத்துக்கு வெளியே வெட்டுவதே முறை.

வெட்டிய இடத்தில் தாரும் பெயிண்ட்டும் பூசும் வழக்கம் இன்னும் உள்ளது. அழுகலை அது தடுப்பதில்லை என்பதே ஷைகோ முதலியோரின் ஆராய்ச்சி காட்டிய முடிவு. ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சைக்கு வசதி செய்து கொடுப்பதும் உண்டு.

மூன்று வெட்டுகள்

பருத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாதி அறுபடும்போதே அது தன் எடையால் முறிந்து, தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். இதனைத் தவிர்க்க மூன்று வெட்டுகள் வேண்டும்.

ஒன்று: தண்டிலிருந்து சுமார் ஓரடி தள்ளி, கிளையின் அடிப்புறத்திலிருந்து மேல்நோக்கிக் கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுக்க வேண்டும். இரண்டு: அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து கீழாக முழுவதும் அறுக்க வேண்டும். கிளை விழும், பட்டை கிழிந்தாலும் முதல் வெட்டோடு நின்றுவிடும். மூன்று: மிஞ்சிய கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, கிளைக்கழுத்துக்கு வெளியே அறுத்தெடுக்க வேண்டும். மூன்றாவது வெட்டுக்கு ரம்பமே ஏற்றது. கொய்த்தா என்று மராத்தியர் வழங்கும் அரிவாள் வேகமானது. ஆனால் இவ்வளவு நுட்பமாக வெட்ட அதனால் இயலாது.

கிளையை முழுவதும் நீக்காமல் குறைக்க வேண்டுமானால், ஒரு பக்கக் கிளை பிரியும் இடத்தில் வெட்ட வேண்டும். அப்பக்கக் கிளை, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது தலைமை ஏற்று அக்கிளையை வாழ வைக்கும்.

இங்கே சிறிது இயற்பியலும் உதவுகிறது. கிளை ஒரு நெம்புகோல். தண்டிலிருந்து 6 மீட்டர் தொலைவில் உள்ள 20 கிலோ எடை, 2 மீட்டர் தொலைவில் உள்ள 60 கிலோ எடைக்கு ஈடான திருப்புவிசையை அடியில் செலுத்துகிறது. ஆகவே நுனியில் சிறிது எடையைக் குறைத்தாலே கிளையின் பாரம் வெகுவாகக் குறையும். தொங்கிய கிளை தானே சற்று மேலெழும். உட்புறத் தழையையெல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் கொத்தாக விடுவது இதற்கு நேர்மாறான செயல். காற்றடிக்கும்போது அத்தகைய கிளையே முதலில் முறியும்.

மொட்டையடித்தல் ஏன் தீது?

ஒப்பந்தக்காரர் கூறிய ஐந்தாண்டுக் கணக்கை இப்போது சோதிப்போம். வளரும் நுனி, கீழே உள்ள மொட்டுகளை அடக்கி வைக்கிறது. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். இதில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளின் பங்கைத் தீமன், ஸ்கூக் என்ற இரு அறிஞர்கள் 1930களில் காட்டினர். நுனியை வெட்டியவுடன் அதுவரை நுனிக்குச் சென்ற சர்க்கரை மொட்டுகளுக்குத் திரும்புவதே அவற்றை முதலில் எழுப்புகிறது என்று 2014இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. எதுவாயினும் விளைவு ஒன்றே: ஒரு தலையை வெட்டினால் பத்துத் தலை முளைக்கும்.

முளைப்பவை எத்தகையவை? பட்டைக்கு அடியில் மேலோட்டமாகத் தோன்றி, ஒளிக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டு ஓங்கும் போத்துகள் அவை. அவற்றின் பிடிப்பு வலுவற்றது. கீழே, வெட்டுப்பட்ட அகன்ற கட்டை மூடப்படாமல் அழுகிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் அழுகிய கட்டையின் மேல் கனத்த போத்துகள் நிற்கும். அப்போது வீசும் பருவக்காற்று யார் தலையில் எதைத் தள்ளும் என்று சொல்ல முடியுமா? நெட்டிலிங்கத்தின் ஒற்றைத் தலையை வெட்டிப் பல தலைகளாக்குவதும் இதே பிழைதான்.

அச்சமும் சட்டமும்

மரத்தைக் கண்டு மக்கள் அஞ்சுவது வீண் அச்சம் அன்று. 2017 ஜூலையில் செம்பூரில், தெருவில் நடந்து சென்ற பெண்மணி ஒருவர் மீது தென்னை மரம் சாய்ந்து அவர் உயிரிழந்தார். அதே ஆண்டு டிசம்பரில் செம்பூரிலேயே மற்றொரு மரம் விழுந்து ஒரு பெண்மணி மாண்டார். கிளை ஓங்கியதால் மட்டுமே மரம் சாய்வதில்லை. வேரை வெட்டிக் குழாய் பதிப்பது, அடிமரம் வரை சிமெண்ட் பூசுவது, உள்ளழுகலைக் கவனியாமல் விடுவது ஆகியவையும் காரணங்கள். 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி மரங்களின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்ட்டை நீக்குமாறு ஆணையிட்டது. அந்த அளவு எல்லா ஊருக்கும் நல்ல அளவே.

சொந்த மதிலுக்குள் நிற்கும் மரமாயினும் நம் விருப்பப்படி வெட்ட இயலாது. மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் 'மரத்தை வெட்டுதல்' என்னும் சொல்லுக்கு எரித்தல், வெட்டுதல், எவ்வகையிலும் சேதப்படுத்துதல் என்றெல்லாம் விரிந்த பொருள் உண்டு. ஆகவே மொட்டையடிப்பதும் சட்டத்தின் கண்ணில் பட்டுவிடும். கிளை கழிக்கவும் மாநகராட்சியின் வட்ட அலுவலகத் தோட்டப் பிரிவில் அனுமதி பெற வேண்டும். மாதுங்கா எஃப் வடக்கு வட்டத்திலும், தாராவி ஜி வடக்கு வட்டத்திலும், செம்பூர் எம் மேற்கு வட்டத்திலும் அடங்கும்.

மாமரத்திற்கு நாங்கள் செய்தது

கட்டடச் செயலாளரின் வேண்டுகோளின்படி நானும் என் வகுப்புத் தோழர் ஒருவரும் மரத்தை அளந்து படம் வரைந்தோம். ஆம்புலன்ஸின் உயரம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். தீயணைப்பு வண்டி அதனினும் உயரம். எனவே பாதையின் மேல் நாலரை மீட்டர் வெளி வேண்டும் என்று கொண்டோம். ஆனால் 12 மீட்டர் மரத்தில் அவ்வளவு உயரத்திற்கு நாற்புறமும் கிளையை நீக்கினால் மரம் தலைபாரம் கொள்ளும். ஆகவே பாதைப் பக்கம் மட்டுமே உயர்த்துவது, அதையும் இரண்டு தவணையாகச் செய்வது என முடிவாயிற்று: முதல் ஆண்டு மூன்று மீட்டர், அடுத்த ஆண்டு மீதி.

காலம் குறிப்பதிலும் ஒரு சிக்கல். பழத்தோட்டங்களில் அறுவடை முடிந்ததும் கவாத்து செய்வர். மும்பையில் அப்போது மழை தொடங்கிவிடும். ஈரத்தில் பூஞ்சை பரவும். மரமேறுபவருக்கும் கால் வழுக்கும். மழை ஓய்ந்த பின், பூ வருமுன், நவம்பரில் செய்வதென்று தீர்மானித்தோம். அந்தப் பக்கத்துக் காய் ஓர் ஆண்டு போகும். பாட்டி அதற்கு உடனே இசைந்தார்.

அனுமதி வந்தது. தாழத் தொங்கிய இரு கிளைகளும், காய்ந்த சுள்ளிகளும், ஒரு பெருங்கிளையின் நுனிப்பாரமும் என, தழையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீக்கப்பட்டது. கூடு ஏதும் உண்டா என்று முதலில் பார்த்தோம். மரமேறிய தொழிலாளர் இருவருக்கும் இடுப்புக் கயிறும் தலைக்கவசமும் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று செயலாளர் உறுதியாக நின்றார். மாம்பால் பட்டால் தோல் புண்ணாகும் என்பதால் கையுறையும் தரப்பட்டது. கிளைக்கழுத்துகளில் சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தோம். அவர்களில் மூத்தவர், "எத்தனை கிளை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், எந்த இடத்தில் என்று யாரும் காட்டியதில்லை" என்று இந்தியில் கூறினார். கல்விக்கும் உழைப்புக்கும் நடுவே எவ்வளவு சிறிய சாக்கட்டிக் கோடு குறைவாக இருந்தது என்பதை அப்போது உணர்ந்தேன்.

நுனிப்பாரம் குறைந்த பெருங்கிளை ஒரு சாண் உயர்ந்தது. அடுத்த வாரம் ஆம்புலன்ஸ் படிக்கட்டு வரை வந்தது. வெட்டுவாயைச் சுற்றி இப்போது வளையம் போலப் புதுக்கட்டை திரண்டு வருகிறது.

நாம் செய்யக்கூடியது

மும்பை மாநகராட்சி 2018இல் முடித்த கணக்கெடுப்பின்படி இந்நகரில் ஏறத்தாழ 29.75 லட்சம் மரங்கள் உள்ளன. அவற்றுள் எத்தனையோ மரங்கள் வாசலோரம் நிற்பவை. அவற்றின் கீழ் நடக்கும் சண்டைகளில் விஞ்ஞானம் அறிந்தவர் ஒருவர் இருந்தால் மரமும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பர்.

நண்பர்களே! நீங்கள் எத்துறை மாணவராயினும் சரி, உங்கள் கட்டடத்து மரத்தருகே ஒரு முறை நின்று பாருங்கள். கிளைக்கழுத்து எங்கே என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய வெட்டுகளில் எது மூடியது, எது பொந்தாயிற்று என்று கவனியுங்கள். அடிமரத்தைச் சிமெண்ட் நெரிக்கிறதா என்று நோக்குங்கள். ஐயம் எழுந்தால் மழைக்கு முந்தைய நாள் வரை காத்திராமல் வட்ட அலுவலகத்திற்கு எழுதுங்கள்.

இளமரம் இருக்குமாயின் இன்னும் நல்லது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழி மரத்திற்கும் பொருந்தும். வண்டிப் பாதையின் பக்கம் நீளப்போகும் கிளையை அது கட்டைவிரல் பருமனாக இருக்கும்போதே, அனுமதி பெற்று, கழுத்துக்கு வெளியே ஒரு நிமிடத்தில் அறுத்துவிடலாம். மரம் ஓரிரு ஆண்டில் அதை மூடிவிடும். அதனைத் தொடைப் பருமனாக வளரவிட்டால், பின்னொரு நாள் கூட்டம் கூட்டி, மரமா மனிதரா என்று வழக்காட நேரும்.